வத்தல் கோடவுனின் பின்னறை

விருதுநகரில் ஆடிட்டர் செண்பகத்திடம் ஒரு சீடர் இருந்தார். பெயர் அய்யாத்துரை. சி.ஏ. இறுதித் தேர்வை எழுதி எழுதியே நாற்பதைத் தொட்டுவிட்டவர். குருவைவிட ஆறு வயது மூத்தவர். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடமெல்லாம் தேர்வில்தான். முதல் குரூப்பில் என்றோ தேறிவிட்டார். இரண்டாவது குரூப்தான் பிடி கொடுக்கவில்லை. ஒருமுறை ஒரு தாளில் கோட்டை விடுவார். மறுமுறை எல்லாத் தாளிலும் தேறி, மொத்த மதிப்பெண்ணில் கோட்டை விடுவார். இந்த முறை விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். ஃபாரத்தைப் பாதி நிரப்பி அப்படியே விட்டிருந்தார்.

“மேடம், ஒண்ணு கேட்கலாமா?”

“கேளுங்க அண்ணாச்சி.”

“ஆடிட்டர் ஆகிற தகுதி எனக்கு எப்பவாவது வருமா? இல்லை, இதோட விட்டுரவா? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. வீட்டுல அவ இப்பெல்லாம் ஒண்ணும் கேட்கிறதில்லை. அதுதான் தாங்க முடியலை.”

செண்பகம் ஒரு ஃபைலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“ரத்தினவேல் முதலாளியோட வத்தல் கோடவுன்ல சரக்கு இருப்பு பார்க்கணும். இன்னைக்கு நீங்க போயிட்டு வாங்க.”

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று அய்யாத்துரைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கிளம்பினார்.

மிளகாய் வத்தல் கோடவுனுக்குள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு பரீட்சை. பெரும்பாலானவர்கள் வாசலில் நின்று முன்வரிசை மூட்டைகளை எண்ணி, பெருக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். அய்யாத்துரை துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, மூட்டைகளை அடுக்கிய அட்டிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். அடுக்கின் நடுவில் மூட்டை இருக்கிறதா, வெறும் பள்ளமா என்று மேலேயிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அவர் தும்மிய தும்மலில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

பின்னால் ஓர் அறை பூட்டியிருந்தது.

“இதுக்குச் சாவி?”

“தம்பி சாவியோட திருச்செந்தூர் போயிட்டான்,” என்றார் முதலாளி. “உள்ள எரநூறு மூட்டை இருக்கு. எழுதிக்கோங்க.”

அய்யாத்துரை எழுதினார். முதலாளி எட்டிப் பார்த்தார். ‘பின்னறை பூட்டியிருந்தது. பார்க்கவில்லை’ என்று இருந்தது.

சாயங்காலம் செண்பகத்துக்கு ஃபோன் வந்தது. முதலாளி போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“ஆடிட்டரம்மா, இத்தனை வருசத்துல ஒருத்தரும் என்னை இப்படி அவமானப்படுத்துனதில்லை. நான் என்ன பொய்யா சொல்றேன்? பரீட்சையிலயே தேறாத ஆளை அனுப்பி என்னைச் சந்தேகப்படுறீங்களா? அந்த வரியை அடிங்க. இல்லைன்னா நான் வேற ஆடிட்டரைப் பார்த்துக்கிறேன்.”

அந்த அலுவலகத்துக்கு அவரைவிடப் பெரிய கட்சிக்காரர் கிடையாது. தன்னால் குருவின் பிழைப்பில் மண் விழுந்ததே என்று அய்யாத்துரை துடித்துப்போனார்.

செண்பகம் ஃபோனை மேசையில் வைத்தார். பேச்சு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

“எழுதினது நீங்க, அண்ணாச்சி. அடிக்கலாமா வேண்டாமா?”

அய்யாத்துரைக்குக் கண்ணில் நீர் முட்டியது. வத்தல் நெடி இன்னும் போகவில்லை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

“என்னை வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு அவர்கிட்ட சொல்லிருங்க மேடம். உங்களுக்கு என்னால நஷ்டம் வேண்டாம். ஆனா பார்த்தேன்னு எழுத எனக்குக் கை வரலை.”

“கேட்டுச்சா முதலாளி?” என்றார் செண்பகம். “எனக்கும் வராது.”

அந்தப் பக்கம் பட்டென்று ஃபோனை வைத்துவிட்டார்கள். அய்யாத்துரை அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் முதலாளியே மறுபடி கூப்பிட்டார். குரல் சற்று இறங்கியிருந்தது.

“தம்பி வந்துட்டான். சாவி இருக்கு. அந்தத் தும்மல்காரரையே அனுப்பி வைங்க.”

அய்யாத்துரை போனார். மதியத்துக்குள் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தொங்கிப்போயிருந்தது.

“எரநூறு மூட்டை, மேடம். ஒண்ணுகூடக் குறையலை. மனுஷன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கார். இன்னைக்கு மோர் குடுத்து உபசாரம் வேற. நேத்தே எழுதியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது.”

“அப்புறம் ஏன் எழுதலை?”

“பார்க்கலையே மேடம்.”

“இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

அய்யாத்துரைக்குக் கேள்வியே விளங்கவில்லை. தன்னைக் கேலி செய்கிறாரோ என்று குருவின் முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

“இதைப் போய் யாராவது சொல்லிக் கொடுக்கணுமா?” என்றார்.

செண்பகம் எழுந்தார். பாதியில் நின்றிருந்த தேர்வு ஃபாரத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அப்போ, சொல்லிக் கொடுக்க முடிஞ்சது மட்டும்தான் பாக்கி, அண்ணாச்சி. உட்காருங்க.”