சட்டைப்பைக்குள்ள அடங்கின ஹூடு

"டீச்சர், இது அடங்க மாட்டேங்குது!"

மூடியிருந்த கதவைப் பாத்துத் தணிகாசலம் சொன்னாரு. கக்கத்துல ஒரு பெரிய துணி மூட்டை.

கதவு திறந்துச்சு. முப்பத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா எட்டிப் பாத்தாங்க.

"டீச்சர் இல்லையாம்மா?"

"நான்தான். சொல்லுங்க."

தணிகாசலத்துக்கு ஐம்பது தாண்டிருச்சு. குருன்னா தலை நரைச்சிருக்கும்னு நம்பி மூணு மாடி ஏறி வந்தவரு. நம்பினதை முகத்துலேருந்து துடைச்சுக்கிட்டு செருப்பைக் கழட்டினாரு.

அமலோற்பவம் டீச்சரைப் பத்தி ஒரு வார்த்தை. மடக்குறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டில், மேசை, ஏணி, தொட்டில், எதைக் கொடுத்தாலும் சுவத்துக்குள்ள அனுப்பிருவாங்க. அவங்க ஹால்ல ஒரு சாமான் பாக்க முடியாது. நாலு சுவரு, ஒரு டீச்சர், அவ்வளவுதான்.

புருஷனைக்கூட மடிச்சு வச்சிட்டாங்கன்னு தெருவுல ஒரு பேச்சு. சொல்றவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. சொல்லி முடிச்சதும் ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பாத்துக்குவாங்க.

டீச்சர் சுவத்துல ஒரு தட்டு தட்டினாங்க. நாற்காலி வெளிய வந்துச்சு.

"உக்காருங்க."

தணிகாசலம் உக்காரல. நாற்காலி திரும்ப உள்ள போனா தானும் போயிருவோமோன்னு ஒரு பயம். மூட்டையை அவிழ்த்தாரு.

"ஹேர் டிரையர் டீச்சர். கையில பிடிக்கிறது இல்ல. பார்லர்ல தலைக்கு மேல கவுப்பாங்களே, அந்த ஹூடு. குடைக்கம்பியில துணி தச்சு நானே செஞ்சேன். கம்பெனியில மிக்ஸி மூடி டிசைன் பண்ணிட்டு இருந்தவன் நான்."

"யாருக்கு இது?"

"என் வீட்டுக்காரிக்கு. காஞ்சனா. முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சா ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஈரம். மொட்டை மாடியை ஹவுஸ் ஓனர் பூட்டிட்டாரு. சாம்பிராணி போட்டா எதிர்வீட்டுக்காரன் வாளியில தண்ணியோட ஓடி வர்றான். தலையில நீர் கோத்துக்கிட்டு முனகிட்டே கிடக்குறா. பாக்கப் பாவமா இருக்கு."

"நல்ல மனசு."

"மனசு பெருசுதான் டீச்சர். வீடுதான் சின்னது. ஒத்த ரூம். கட்டிலை விரிச்சா பீரோ திறக்காது. பீரோவைத் திறந்தா வாசக்கதவு திறக்காது. இருக்கிறது ஒரே ஃபேன். அதுக்கு அடியில நான் உக்காந்தாப் போதும், ஆரம்பிச்சிருவா."

மூக்கைச் சுருக்கினாரு. இடுப்புல கை வச்சாரு.

"ஏங்க! கொஞ்சம் தள்ளி உக்காருங்க! காத்து வரல!"

ஹால் அதிர்ந்துச்சு. காஞ்சனாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. டீச்சருக்குச் சிரிப்பு தாங்கல.

சுவத்துக்குள்ள யாரோ இருமினாங்க.

"பக்கத்து வீட்டுல சளி போல," ன்னாரு தணிகாசலம்.

"பக்கத்துல வீடு இல்ல," ன்னாங்க டீச்சர். "மடிச்சுக் காட்டுங்க."

தணிகாசலம் முட்டி போட்டு, மூச்சைப் பிடிச்சு, கம்பியெல்லாம் ஒண்ணா அமுக்கினாரு. பெரிய இட்லிக் குண்டான் அளவுக்கு வந்துச்சு. அதுக்கு மேல முரண்டு பிடிச்சுச்சு.

"பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அதுக்குள்ள போகணும். போகல."

"திறந்து காட்டுங்க."

"திறக்குறதுல என்ன டீச்சர் இருக்கு? இழுத்தா வந்துரும்."

இழுத்தாரு. டப்புன்னு விரிஞ்சுச்சு.

டீச்சர் வேகமா வந்து குனிஞ்சாங்க. ஹூடுக்குள்ள தலையை விட்டுப் பாத்தாங்க. கையை விட்டுத் துழாவினாங்க. அப்புறம் மெதுவா நிமிந்தாங்க.

"காலி."

"காலியாத்தானே டீச்சர் இருக்கும்?"

"காலியா இருந்தா எதுவும் திறக்கும்."

தணிகாசலம் அதை மனசுல எழுதிக்கிட்டாரு. அர்த்தம் புரியல. ஆனா குரு சொன்னது, வீணாப் போகாது.

"சரி, இதை ஏன் இவ்வளவு பெருசாச் செஞ்சீங்க?"

"ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு நின்னா டீச்சர். அப்படியே அளந்துட்டேன். துண்டோட சேத்து ஒரு தவலை சைசு இருந்துச்சு. அவ தலைதான் பெருசு…"

நிறுத்தினாரு. கண்ணு பளபளன்னு ஆச்சு.

"தலை!" ன்னு கத்தினாரு. "புரிஞ்சிருச்சு டீச்சர்! ஹூடுல கோளாறு இல்ல. தலையிலதான்!"

டீச்சர் வாயைத் திறக்குறதுக்குள்ள மூட்டை, செருப்பு, தணிகாசலம் மூணும் மாடிப்படியில இறங்கிருச்சு.

*

ஐப்பசி மழையில நனைஞ்சுக்கிட்டு திரும்ப வந்தாரு. இந்தத் தடவை மூட்டை இல்ல. கையில சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒண்ணு.

"பாருங்க டீச்சர்!"

"நல்லாச் சுருங்கிருச்சே."

"நீங்க காட்டின வழி."

"நான் என்ன காட்டினேன்?"

"தலையைத்தான். காஞ்சனாவை முடி வெட்டிக்கச் சொன்னேன். முதல்ல தோள் வரைக்கும். ஹூடு ஒரு சுத்து குறைஞ்சுச்சு. அப்புறம் காது வரைக்கும். இன்னொரு சுத்து. அப்புறம் ஒட்ட."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தா."

டீச்சர் அதை வாங்கித் திருப்பிப் பாத்தாங்க.

"இப்ப எதைக் காய வைக்கிறாங்க?"

தணிகாசலம் யோசிச்சாரு. இந்தக் கேள்வியை அவரு எதிர்பாக்கல.

"டெஸ்டிங் டீச்சர்," ன்னாரு. "அவளை உள்ள உக்கார வச்சுத்தான் ஒவ்வொரு மடிப்பையும் டெஸ்ட் பண்றேன். அவ இருக்கப்பவே மடிப்பேன். எந்தக் கம்பி இடிக்குதுன்னு அப்பத்தானே தெரியும்? முதல்ல தோள் இடிச்சுச்சு. இப்பக் குறுக்கிக்கிட்டா. நல்லா ஒத்துழைக்கிறா."

"எங்க உக்காருவாங்க?"

"முன்ன கட்டில்ல உக்காருவா. இப்பக் கட்டில் வேணாம்ங்குறா. பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல அந்தச் சந்து இருக்குல்ல, அதுல உக்காந்துக்குறா. டிரையருக்குன்னு வச்சிருந்த இடம்தான். பரவால்ல, டிரையரை நான் ஜன்னல்ல வச்சுக்குறேன்."

"ஃபேன் காத்து வருதாமா?"

"அதையே கேட்டுக்கிட்டு இருப்பா."

மூக்கைச் சுருக்கினாரு. "ஏங்க… கொஞ்சம் தள்ளி… காத்து…"

குரல் தரையோட தரையா ஊந்து வந்துச்சு. கொசு பேசின மாதிரி. தணிகாசலமே திடுக்கிட்டு வாயைத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

"முழுசாச் சொல்லுங்களேன்," ன்னாங்க டீச்சர்.

"இப்ப அவ இவ்வளவுதான் டீச்சர் சொல்றா."

சுவத்துக்குள்ள திரும்பவும் இருமல். டீச்சர் எழுந்து போயி ஒரு டம்ளர் காபி கொண்டு வந்தாங்க. தணிகாசலம் கையை நீட்டினாரு. அவங்க அவரைத் தாண்டிப் போயி, டம்ளரைச் சுவத்தோரமா வச்சாங்க.

தணிகாசலம் நீட்டின கையாலேயே தலையைச் சொறிஞ்சுக்கிட்டாரு. பெரியவங்க செஞ்சா ஏதாவது தத்துவம் இருக்கும்.

"திறந்து காட்டுங்க," ன்னாங்க டீச்சர்.

"திறக்குறது பெரிய விஷயமில்ல டீச்சர். மடிக்கிறதுதான் வித்தை."

"எனக்குத் திறக்குறதைப் பாக்கணும்."

இழுத்தாரு. வரல. பல்லைக் கடிச்சு இழுத்தாரு. எங்கயோ ஒரு மூட்டு சொடக்கு விட்ட மாதிரி சத்தம். மெதுவா, வேண்டாவெறுப்பா விரிஞ்சுச்சு. உள்ளேருந்து வெதுவெதுன்னு ஒரு காத்து. ஈரமுடி வாசனை.

டீச்சர் மூச்சு விடாம குனிஞ்சாங்க. உள்ள ஒரு நீளமான முடி, ஒரே ஒரு முடி, ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை விரல்ல சுத்தி, வெளிச்சத்துல பிடிச்சாங்க.

"இது எப்படித் திறந்துச்சு? எந்தப் பக்கம் பிடிச்சு இழுத்தீங்க? சொல்லுங்க."

குருவோட குரல்ல அப்படி ஒரு அவசரம். தணிகாசலம் அதைச் சோதனைன்னு எடுத்துக்கிட்டாரு.

"கவனிக்கல டீச்சர்."

"கவனிங்க. அடுத்த தடவை கவனிங்க."

தணிகாசலம் கும்பிட்டாரு. படியிறங்கும்போது ஒரே சிந்தனை. இது சட்டைப்பைக்குள்ள போகணும்.

*

தையில வந்தாரு. நல்ல மத்தியான வெயில். கையில ஒண்ணும் இல்ல.

"எங்க?" ன்னாங்க டீச்சர்.

தணிகாசலம் சிரிச்சுக்கிட்டே சட்டைப்பையைத் தட்டினாரு. மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு. ஆனா அது இருந்த பக்கம் சட்டை தொங்கிப் போயிருந்துச்சு. தோளே ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு.

"கனமா இருக்கா?"

"அதுதான் டீச்சர் விளங்கல. சுருங்கச் சுருங்கக் கனக்குது. மாடி ஏறுறதுக்குள்ள மூணு இடத்துல உக்காந்துட்டேன்."

"கடைசியா எப்ப மடிச்சீங்க?"

"இன்னைக்குக் காலையில. இத்தனை நாளும் ஏதாவது இடிக்கும். தோள் இடிக்கும், முட்டி இடிக்கும். இன்னைக்கு ஒண்ணுமே இடிக்கல. வெண்ணெய்க்குள்ள கத்தி போன மாதிரி போச்சு. ஒரு சத்தம் இல்ல. வீடே காலியான மாதிரி விசாலமா இருந்துச்சு டீச்சர். கட்டிலை விரிச்சேன். பீரோவைத் திறந்தேன். வாசக்கதவையும் திறந்தேன். மூணும் ஒரே நேரத்துல திறந்து நிக்குது! காஞ்சனாவைக் கூப்பிட்டு, வந்து பாருடீன்னேன்."

"வந்தாங்களா?"

"சந்துல இருப்பா. காதுல விழுந்திருக்காது."

"சந்துல பாத்தீங்களா?"

"அவசரமா உங்ககிட்டக் காட்டணும்னு…"

"என்ன சொன்னாங்க? கடைசியா."

"எப்பவும் சொல்றதுதான்."

தணிகாசலம் மூக்கைச் சுருக்கினாரு. இடுப்புல கை வச்சாரு. வாயைத் திறந்தாரு.

ஒண்ணும் வரல.

தொண்டையைச் செருமிக்கிட்டு திரும்பத் திறந்தாரு. எத்தனையோ வருஷமாக் கேட்ட குரல். தெரு முழுக்க நடிச்சுக் காட்டி ஊரைச் சிரிக்க வச்ச குரல். அதைத் தேடிக்கிட்டு வாயைப் பொளந்தபடி நின்னாரு.

டீச்சர் அவரு வாயைப் பாக்கல. சட்டைப்பையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பையோட அடியில வட்டமா ஈரம் கட்டியிருந்துச்சு. ஒரு சொட்டு தரையில விழுந்துச்சு.

"தணிகாசலம் சார்," ன்னாங்க மெதுவா. "காலையில மடிச்சீங்களே. அப்ப அவங்க எங்க உக்காந்திருந்தாங்க?"

"எங்க உக்காருவா? வழக்கம் போல ஹூடுக்கு…"

சட்டைப்பையிலேருந்து அதை எடுத்தாரு. ரெண்டு கையிலயும் ஏந்தினாரு. சூடா இருந்துச்சு. பிளக்குல சொருகல, ஒயரு மாட்டல, அப்பவும் சூடா இருந்துச்சு. காதுக்கிட்டக் கொண்டு போனாரு.

உள்ளேருந்து, ரொம்பத் தூரத்துலேருந்து, கோவமே இல்லாத ஒரு குரல்.

"ஏங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்து வரல."

தணிகாசலம் தள்ளி உக்காந்தாரு. சுவரு வரைக்கும் தள்ளித் தள்ளிப் போயி உக்காந்தாரு. நகத்தால மடிப்பைத் தேடினாரு. மடிப்பே தெரியல. அவ்வளவு சுத்தமான வேலை. பல்லால கடிச்சாரு. தரையில வச்சுக் கெஞ்சினாரு.

"காஞ்சு… வெளிய வாம்மா… முடி வளத்துக்கோ… கட்டில்ல நீயே படுத்துக்கோ… ஃபேனை நீயே வச்சுக்கோ…"

அது அப்படியே இருந்துச்சு.

கடைசியில தவழ்ந்து வந்து, தன்னைவிட வயசுல சின்னவங்க கால்ல விழுந்தாரு.

"டீச்சர்! நீங்கதான் குரு. எல்லாம் தெரிஞ்சவங்க. இதை எப்படி டீச்சர் திறக்குறது?"

சுவத்துக்குள்ள இருமல் கேட்டுச்சு. டீச்சர் சுவத்தோரம் ஆறிப்போயிருந்த காபி டம்ளரை எடுத்துட்டு, அந்த இடத்துல புது டம்ளரை வச்சாங்க. சுவத்தை ஒரு தடவை தடவினாங்க. அப்புறம் அவரு பக்கத்துலயே தரையில உக்காந்தாங்க.

"அதைத்தானே சார்," ன்னாங்க, "நான் ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டக் கேட்டேன்?"