ஆடும் தொடாத எள்ளுருண்டை

ஒரு ஊர்ல ஒரு பெருமாள் கோயில். பெரிய கோயில்னு நினைச்சுக்காதே. கோபுரத்துல புறா, குளத்துல பாசி, பெருமாளுக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். அந்தச் சாப்பாட்டைச் சமைக்கிறவர் பேரு ஆராவமுது. ஆராவமுதுன்னா எவ்வளவு குடிச்சாலும் போதும்னே தோணாத அமுதம்னு அர்த்தம். பேரு வைக்கிறவங்க, இந்தப் பிள்ளை வளர்ந்து என்ன சமைக்கப் போகுதுன்னு யோசிச்சா வைக்கிறாங்க? எங்கே, ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை அடுத்த அடி எடுத்து வைக்கும்.

ம்.

அப்படிச் சொல்லு. அவர் சமைக்கிற இடத்துக்கு மடப்பள்ளின்னு பேரு. அங்கே ஒரு சட்டம் உண்டு. சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. உப்பு இருக்கா, காரம் இருக்கான்னு நாக்கு நுனியில கூடத் தொடக் கூடாது. முதல் வாய் பெருமாளோடது. வாசனை கூட முதல்ல அவருக்குத்தான்னு ஆராவமுது மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால கட்டிக்குவார். அப்புறம் தட்டைக் கொண்டுபோய் சந்நிதியில வைப்பார். திரையை இழுப்பாங்க, சர்ர்ர். பெருமாள் சாப்பிடறதை யாரும் பார்க்கக் கூடாது இல்லையா, அதனால ஆராவமுது இந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கிட்டு நிப்பார். கொஞ்ச நேரத்துல மணி அடிக்கும், டண டண டண. திரை விலகும். பார்த்தா, தட்டுல வெச்சது வெச்சபடியே இருக்கும். 'திருப்தியா சாப்பிட்டுட்டார்'னு ஆராவமுது சந்தோஷமா எடுத்துக்கிட்டு வருவார்.

இத்தனை வருஷத்துல பெருமாள் ஒரு நாள் கூடக் குறை சொன்னதில்லை. சாப்பிடறவங்கள்ல அப்படி ஒருத்தர் அமையறது ரொம்ப அபூர்வம். உன்னைத்தான் சொல்றேன், வெண்டைக்காயை ஒதுக்கி வைக்கிற உன்னைத்தான்.

அப்போ ஒரு நாள் ஆராவமுதோட தங்கை கோமளம் பஸ்ஸை விட்டு இறங்கினா. கூடவே ரெண்டு பொண்ணுங்க. பெரியவ நாயகி, மூணாங்கிளாஸ். சின்னவ பூமா, ஒண்ணாங்கிளாஸ். அவங்க அப்பா எங்கேயோ வடக்கே வேலை பார்க்கிறார். கோமளத்துக்கு டவுன் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. முதல் மாசம் அங்கேயே தங்கிப் பழகணுமாம். அதுக்கப்புறமும் பகல் பூரா வேலைதானாம். அதனால பிள்ளைங்க அண்ணன் வீட்டுலேயே இருந்து படிக்கட்டுமேன்னு யோசிச்சிருந்தா. ஆனா அவளுக்கு ஒரு கவலை.

"அண்ணா, மூணு வேளைக்கும் கோயில் பிரசாதம் இருக்கு, அதைப் பத்திக் கவலையில்லை. நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வரும்போது ரெண்டும் பசியில பறக்கும். கடையில தொங்கற காத்தடைச்ச பாக்கெட்டை மட்டும் வாங்கிக் குடுத்துடாதே. ஆத்துலயே ஏதாவது பண்ணிக் குடு. ஒரு மாசம் பார்ப்போம். முடியலைன்னா சொல்லிடு, ஹாஸ்டல்ல சேர்த்துடறேன்."

ஹாஸ்டல்னதும் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஹாஸ்டல்ல குளம் இருக்குமா? புறா இருக்குமா? தோள்ல தூக்கிக்கிட்டு குளத்தைச் சுத்தி வர ஒரு மாமா இருப்பாரா? ஆராவமுதுக்கும் அந்த வார்த்தை பிடிக்கலை. ஊருக்கே படியளக்கிற பெருமாளுக்கே சமைக்கிறேன், ரெண்டு பொடிசுக்குச் சமைக்க முடியாதான்னு சொல்லி தங்கையை பஸ் ஏத்தி அனுப்பினார்.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

சரி. கோயில்ல ஒரு வழக்கம் உண்டு, ஒரு வாரத்துக்கு ஒரு பண்டம்னு. வீட்டுலயும் அதே மாதிரி வெச்சுக்கிட்டார். முதல் வாரம் பச்சைப்பயறு சுண்டல். பயறை ஊற வெச்சு, வேக வெச்சு, கடுகு தாளிச்சார், படபடபட. தேங்காய் துருவிப் போட்டார். எல்லாம் சரி, உப்புலதான் வந்தது வினை. மடப்பள்ளியில உருளி எவ்வளவு பெரிசு தெரியுமா? நீயும் நானும் உள்ளே உக்காந்து பல்லாங்குழி ஆடலாம். அதுக்கு ரெண்டு கை நிறைய உப்பு. வீட்டுலயோ கைக்கு அடங்கற ஒரு வெண்கலப் பானை. ஆராவமுது ஒரு கை உப்பை அள்ளினார், பானையைப் பார்த்தார், பயந்துட்டார். ஜாடியிலேயே திருப்பிக் கொட்டிக் கொட்டிக் கடைசியில நாலே நாலு கல்லைப் போட்டார். ருசி பார்த்தாரா? அவர் எங்கே பார்த்தார். குழந்தையும் தெய்வமும் அவருக்கு ஒண்ணு.

அப்புறம் கூடத்துல ரெண்டு தட்டை வெச்சார். வாசப்படியில ஒரு பழைய வேஷ்டியைத் திரை மாதிரி கட்டியிருந்தார். பிள்ளைங்களை உள்ளே உக்கார வெச்சுட்டு, சர்ர்ர்னு இழுத்து விட்டுட்டு, இந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னார். பசியோட சாப்பிடறதைப் பார்த்தா கண் பட்டுடுமாம். சாப்பிட்டு முடிச்சதும் டம்ளரைத் தட்டச் சொல்லியிருந்தார். டிங் டிங் டிங். திரையை விலக்கினா, ரெண்டு தட்டும் காலி. துடைச்சு வெச்ச மாதிரி காலி.

ஆராவமுது அசந்துபோனார். பெருமாளே மிச்சம் வைக்கிறார், இதுகள் ஒரு பயறு கூட மிச்சம் வைக்கலையேன்னு பூரிச்சுப் போனார்.

அடுத்த வாரம் கேழ்வரகு அடை. முருங்கைக்கீரை உருவிப் போட்டு, வெங்காயம் போடாம தட்டினது. வெங்காயம் போடலாமா கூடாதாங்கிறது பெரிய சண்டை, அது பகல்ல வெச்சுக்கலாம். கல்லுல போட்டார், சொய்ங். அந்த வாரம் கோயில்ல உற்சவம். உடம்பு வீட்டுல நிக்குது, மனசு மடப்பள்ளியில நிக்குது. அப்போ கை என்ன பண்ணும்? உருளிக்குப் போடற உப்பை அப்படியே போட்டுடுச்சு. தினமும் அதே கதைதான். திரை, சர்ர்ர். டம்ளர், டிங் டிங். தட்டு காலி.

ஆனா ரெண்டு விஷயம் அவர் மனசுல வண்டு மாதிரி குடைஞ்சுது. ஒண்ணு, பூமாவோட பாவாடை. வந்த அன்னிக்கு இடுப்புல கச்சிதமா நின்னது, இப்போ நடந்தா நழுவுது, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நடக்கறா. இவ்வளவு சாப்பிடற குழந்தை எப்படி இளைக்கும்?

இன்னொண்ணு, பின் சந்துல கீரை விக்கிற சின்னப்பொண்ணு வந்து சொன்ன சேதி. அவகிட்ட ஒரு வெள்ளாடு, கறுப்பின்னு பேரு. "என்னமோ தெரியலை சாமி, ரெண்டு வாரமா புல்லுல வாய் வைக்க மாட்டேங்குது. ஆனா குதிர் மாதிரி பெருத்துக்கிட்டே போகுது. இந்த வாரம் என்னடான்னா அண்டா அண்டாவா தண்ணி குடிக்குது. கோயில் மருந்து ஏதாவது இருந்தா குடுங்க"ன்னு கேட்டா. ஆராவமுது துளசித் தீர்த்தம் குடுத்து அனுப்பினார். சாப்பிடற குழந்தை இளைக்குது, சாப்பிடாத ஆடு பெருக்குது. இது என்ன கணக்கு? உனக்குப் புரிஞ்சுடுச்சா? சிரிக்காதே, அவருக்கு இன்னும் புரியலை.

ம்.

மூணாவது வாரம் எள்ளுருண்டை. எள்ளை வறுத்தார், பொடபொடபொட. வெல்லப்பாகு காய்ச்சினார். மடப்பள்ளி விறகடுப்புல பாகு ஆடி அசைஞ்சு வரும். வீட்டு அடுப்பு அவசரக் குடுக்கை. துண்டைச் சரியா கட்டிக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள பாகு பதம் தாண்டிப் போயிடுச்சு. பரபரன்னு உருட்டித் தட்டுல போட்டார். டங். ஏன் டங்னு கேக்குதுன்னு யோசிச்சுக்கிட்டே திரையை இழுத்தார்.

முதுகைத் திருப்பி நின்னாரா? உள்ளேருந்து ஒரு சத்தம். டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அப்புறம் கிசுகிசுன்னு பேச்சு. ஸ்டூல் நகர்ற சத்தம், கிரீச். அப்புறம் வேற மாதிரி ஒரு டொக், அதுக்கப்புறம் ப்ப்ர்ர்ர்னு யாரோ துப்பற சத்தம். பெரியவளுக்கும் அவ்வளவு கனமா துப்ப வராது, சின்னவளுக்கும் வராது. அப்போ யாரு?

யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே கடகடகடகடன்னு ஒரு எள்ளுருண்டை திரைக்கு அடியில உருண்டு வந்து அவர் குதிகால்ல மோதி நின்னுது. எடுத்துப் பார்த்தார். ஒரு பல் தடம் கூட இல்லை. எச்சில் மட்டும் இருந்தது, கூடவே ஒரு கறுப்பு ரோமம்.

மணி அடிக்கிறதுக்கு முன்னாடி திரையைத் தொடக் கூடாது. ஆராவமுது ஆயுசுல தொட்டதில்லை. ஆனா திரைக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிற ஆசை இருக்கே, அது கையைப் பிடிச்சு இழுத்துது. சர்ர்ர்.

நாயகி ஸ்டூல் மேல நிக்கறா. பூமா தட்டை ஏந்திக்கிட்டு நிக்கறா. ஜன்னல் கம்பி வழியா கறுப்பி மூஞ்சியை உள்ளே விட்டுக்கிட்டு, கடன்காரனைப் பார்க்கற மாதிரி மாமாவைப் பார்க்குது. கொர்ர்ர்னு ஒரு வயிறு மட்டும் பேசுச்சு. அது பூமாவோடது.

எத்தனை நாளா இப்படின்னு கேட்டார். சுண்டல்லேர்ந்துன்னு நாயகி ஒத்துக்கிட்டா. ஏன் சொல்லலைன்னு கேட்டார்.

"நன்னா இல்லைன்னு சொன்னா, உங்களால முடியலைன்னு ஆயிடும். முடியலைன்னா ஹாஸ்டல்."

"கறுப்பிக்கு ஹாஸ்டல் கிடையாது மாமா," பூமா சொன்னா. "அதான் அதுக்குப் போட்டோம். இன்னிக்கு அதுவும் வேண்டாம்னுடுத்து."

ஆராவமுது தரையில உக்காந்துட்டார். கோபம் வரணும், வரலை. அழுகை கொஞ்சம் வந்தது. அதை முந்திக்கிட்டு வேற ஒண்ணு வந்தது. இத்தனை வருஷமா சமைக்கிறார், எப்படி இருந்ததுன்னு யார்கிட்டயும் கேட்டதே இல்லை. கேக்கறதுக்கு அந்தப் பக்கம் வாய் இருந்தாத்தானே? இப்போ ரெண்டு வாய் எதிர்ல நிக்குது.

"சுண்டல் எப்படி இருந்தது?"ன்னு கேட்டார்.

நாயகி தயங்கினா. பூமா தயங்கலை. சுண்டல் வெறும் தண்ணி மாதிரி இருந்ததுன்னா. அடை, குளத்தைத் தவிர ஊர்ல இருக்கிற எல்லாத் தண்ணியும் குடிச்சாலும் போதாத மாதிரி இருந்ததுன்னா. அவர் காதைத் தீட்டிக்கிட்டு, இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லுன்னு கேட்டுக்கிட்டார், ஏதோ பாட்டுக் கேக்கற மாதிரி.

அப்புறம் மூணு பேரும் சேர்ந்து அந்த எள்ளுருண்டையை எல்லாம் உரல்ல போட்டாங்க. உலக்கையை எடுத்தார். டங்கு டங்கு டங்கு. கல்லு உடைஞ்சு மணலாச்சு, மணல் பொடியாச்சு. நாயகி அவலைக் கழுவிப் பிழிஞ்சு போட்டா. பூமா தேங்காய் துருவறேன்னு பாதியை வாயில போட்டுக்கிட்டா. கலந்ததும் வாசனை வந்தது பாரு, கறுப்பி மறுபடியும் ஜன்னலுக்கு வந்து மேன்னுது.

ஆராவமுது வழக்கம்போல ரெண்டு தட்டுல வெச்சுட்டுத் திரைக்குப் போனார். நாயகி அவர் வேஷ்டியைப் பிடிச்சு நிறுத்தினா. முதல்ல நீங்க சாப்பிட்டுப் பாருங்கோன்னா. உங்களுக்கு முன்னாடி நானான்னு அவர் பதறினார். ஒரு உருண்டை பிடிச்சு வாய் வரைக்கும் கொண்டு போனார், வாய் திறக்கவே இல்லை. அத்தனை வருஷப் பழக்கம், பூட்டின பூட்டு மாதிரி. அப்போ பூமா அவர் துண்டைக் கீழே இழுத்துட்டு, எதிர்ல நின்னு, "ஆ காட்டுங்கோ"ன்னா.

ஆ.

மென்னார். கண்ணை மூடிக்கிட்டு மென்னார். ஏதோ ஒண்ணு குறையறதேன்னார். நாயகி சாப்பிட்டுப் பார்த்துட்டு, உப்புன்னா. வெல்லத்துல உப்பான்னு மாமா முழிச்சார். பூமா ஒரே ஒரு கல்லை நசுக்கிப் போட்டா. மறுபடியும் மூணு பேரும் ஆளுக்கு ஒரு வாய். மூணு பேரும் ஒரே நேரத்துல ம்னாங்க. அன்னிக்குக் கறுப்பிக்கு ஒண்ணும் கிடைக்கலை. திரையையும் யாரும் இழுக்கலை.

மாசம் முடிஞ்சுது. ஒரு நாலு மணிக்கு கோமளம் சொல்லாம கொள்ளாம வந்து நின்னா. வாசல்லயே ஒரே சத்தம். கம்பு புட்டு இன்னிக்கு உதிரலைன்னு ஒருத்தி. தேங்காய் கம்மி, நேத்தே தேவலைன்னு இன்னொருத்தி. அண்ணன் எதிர்ல உக்காந்து ஆமாம் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு இருக்கார். கோமளத்துக்கு முகம் விழுந்துடுச்சு. பையைக் கீழே வெச்சுட்டு, சரி, உன்னால முடியலை போலிருக்கு அண்ணா, ஹாஸ்டல்லயே பேசிடறேன்னா.

ஆராவமுது வாயைத் திறக்கிறதுக்குள்ள பூமா எழுந்து நின்னா. பாவாடை இடுப்புல கச்சிதமா நின்னுது.

"ஹாஸ்டல்ல உப்பு சரியில்லைன்னா யார்கிட்டம்மா சொல்றது?"

கோமளம் அந்தப் பாவாடையைப் பார்த்தா. துடைச்ச மாதிரி இருந்த தட்டைப் பார்த்தா. ஜன்னலைப் பார்த்தா, அங்கே ஒரு இளைச்ச ஆடு. பானையிலேர்ந்து ஒரு கை புட்டை எடுத்து வாயில போட்டு மென்னா.

"தேங்காய் கம்மிதான்"னு சொல்லிட்டு, தட்டை இழுத்துக்கிட்டு அவளும் உக்காந்துட்டா. ஹாஸ்டல் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கலை.

கதை இங்கே முடியணும். ஆனா ஒரு சின்ன பாக்கி இருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் ஆராவமுது கோயிலுக்குப் போனார். துண்டைக் கட்டிக்கிட்டார், சமைச்சார், வாயில வைக்கலை, சட்டம் சட்டம்தான். தட்டை வெச்சார். திரை, சர்ர்ர். முதுகைத் திருப்பி நின்னார். ஆனா மனசு நிக்கலை. யாரும் பக்கத்துல இல்லைன்னு பார்த்துக்கிட்டு, தோளுக்கு மேல மெதுவா கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா?"

ஒண்ணும் கேக்கலை. புறா சத்தம் கூட இல்லை. மணி அடிக்கப் போகுது. அப்போ திரைக்கு அந்தப் பக்கத்துலேருந்து, தூக்கக் கலக்கத்துல சொல்ற மாதிரி, மெதுவா ஒரு சத்தம்.

ம்.

நீயா சொன்னே? இல்லையே, உன் கண்ணு மூடி எவ்வளவு நேரம் ஆச்சு.

சரி, யாரு சொன்னா என்ன. ஆடு கொட்டில்ல, புறா கோபுரத்துல, கதை அதோட வீட்டுல. நீயும் தூங்கு.