முப்பத்து நான்காவது குழிவு

அன்று அந்தக் கல்லறையில் இருந்தவர்கள் ஆறு பேர். அகழாய்வு கற்பிக்கும் நப்பின்னை. அவரைவிட இருபது வயது மூத்த சீடர் ஞானப்பிரகாசம். மண்வெட்டியோடு இருளாண்டி. சல்லடையோடு பூரணம், சந்தனமாரி, பேச்சி. இறந்தவளையும் சேர்த்தால் ஏழு. நப்பின்னை எப்போதும் சேர்த்தே எண்ணுவார்.

கப்பலில் வந்த ரோமாபுரி வணிகன் ஒருவன் இந்தக் கடற்கரையில் தன் மகளைப் புதைத்திருந்தான். எப்போதோ திருடர்கள் கால்மாட்டில் துளைத்து, வெள்ளியையும் பொன்னையும் கொண்டுபோய்விட்டார்கள். கழுத்தில் கிடந்த கண்ணாடி மணிகளை மட்டும் விட்டிருந்தார்கள்.

நப்பின்னை திருடர்கள் போட்ட துளையை அளந்து, குறிப்பேட்டில் தனிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"திருட்டுப்பயல்களுக்கும் ஒரு பக்கமா அம்மா?" என்றார் ஞானப்பிரகாசம்.

"அவர்களும் இங்கே வந்தவர்கள்தானே அய்யா."

கழுத்தருகே களிமண்ணைச் சுரண்டுவது ஞானப்பிரகாசத்தின் வேலை. மிளகளவு நீல மணி ஒன்று அவர் விரலோடு வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தார். எடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

உச்சிவேளையில் நப்பின்னை மணிகளை எடுத்துவிட்டு, அவை களிமண்ணில் பதிந்திருந்த குழிவுகளை எண்ணினார்.

"குழிவு முப்பத்து நான்கு. மணி முப்பத்து மூன்று."

"திருடன் எடுத்திருப்பான்" என்றார் ஞானப்பிரகாசம்.

"அப்போதே எடுத்திருந்தால் குழிவு தூர்ந்திருக்கும். இது இன்னும் ஈரமாக இருக்கிறது."

பூரணம்தான் முதலில் எழுந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. ராசாத்தி நகை ஒண்ணுமில்ல. அரைப் பாக்குதான் கெடக்கு."

சந்தனமாரி சிரித்துக்கொண்டே தன் முடிச்சையும் அவிழ்த்துக் காட்டினாள். பேச்சி சிரிக்கவில்லை. ஒரு கூடை மண் சலித்தால் ஒரு புளியங்கொட்டையை முடிந்துவைப்பாள். எழுதத் தெரியாதவளுக்கு அதுதான் கணக்கு. இப்போது அவசரமாக இழுத்ததில் முடிச்சு அவிழ்ந்து, கொட்டைகள் எல்லாம் மணலில் சிதறின.

"யாரும் அவிழ்க்க வேண்டாம்" என்றார் நப்பின்னை. அதற்குள் எல்லாம் கொட்டிவிட்டது.

ஞானப்பிரகாசம் இடுப்பிலிருந்து மணியை எடுத்தார். குனிந்து, முப்பத்து நான்காவது குழிவில் வைத்தார். அது சரியாகப் பொருந்தியது.

"எளவு, நம்ம அய்யாவா!" என்றான் இருளாண்டி.

ஞானப்பிரகாசம் தலையை நிமிர்த்தவில்லை. "திருடர் பக்கத்தில் என் பெயரையும் எழுதிவிடுங்கள் அம்மா."

"மணி வந்துவிட்டது அய்யா." நப்பின்னை பேச்சியின் காலடியைக் காட்டினார். "அது இன்னும் வரவில்லை."

ஞானப்பிரகாசம் மணலில் மண்டியிட்டார்.

"எத்தனை கூடை பேச்சி?"

"இருவத்தாறுங்கய்யா" என்றாள், அவரைப் பார்க்காமல்.

மணலை விரலால் அளைந்து அளைந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பேச்சி குனிய வந்தபோது பூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிழல் நீண்டது. பொறுக்கியதை இரண்டு முறை எண்ணிவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"இருபத்தைந்து இருக்கிறது அம்மா. வெறும் புளியங்கொட்டைதானே. வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிடட்டுமா?"

நப்பின்னை சல்லடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மீதி ஒன்று, அய்யா."