மூழ்காத வட்டில்

இப்படி வந்து உட்காருங்கள், ஒரு குழப்பக்காரன் கதை சொல்கிறேன். கடிகாரம் என்ற பேச்சே பிறக்காத காலத்தில், நெடும்பாறை நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன். கெட்ட பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. நல்ல பழக்கங்கள்தான் அளவில்லாமல் இருந்தன.

யவன மொழி படித்தான், சிங்களம் படித்தான். குழல் ஊதினான், மூலிகை மருந்து காய்ச்சினான், யானை வைத்தியமும் கற்றான். நேரம் வீணாகக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாழிகை ஒதுக்கினான். நீதி சொல்வதற்கும் ஒரு நாழிகைதான்.

நாழிகையை அளக்கச் சபையில் ஒரு வட்டில் இருந்தது. வட்டில் என்றால், அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம். அதைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார்கள். துளை வழியாக நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கியதும் காவலன் மணி அடிப்பான். மணி கேட்டதும் ராஜா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? யானையிடம் யவன மொழியில் நலம் விசாரித்தான். மந்திரியை நாக்கை நீட்டச் சொல்லி யானைக் கஷாயத்தை ஊற்றினான். ராணி பேச வந்தால், இது எந்த நாழிகை என்று காவலனைக் கேட்டான். சொல்லுகிற எனக்கே தலை சுற்றுகிறது. அவன் தலைக்குள் எப்படி இருந்திருக்கும், பாவம்.

அந்தச் சமயத்தில் அரண்மனைச் சந்தனத் தோப்பு எரிந்துபோனது. கையில் பந்தத்தோடு அங்கே நின்ற சடையனைக் காவலர் பிடித்து வந்தார்கள். அவன் மலையில் தேன் எடுப்பவன். ராஜா விசாரிக்கத் தொடங்கினான், மணி அடித்தது. அமாவாசையன்று இவன் தலையை வாங்குங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சடையன் மனைவி பொம்மி சபைக்கு ஓடி வந்தாள். முதல் நாள் நடந்ததைச் சொன்னாள்; பாதியில் மணி அடித்தது. இரண்டாம் நாள் வந்தாள். நீ யாரம்மா என்று ராஜா கேட்டான். முதலிலிருந்து சொன்னாள், அதே இடத்தில் மணி அடித்தது. மூன்றாம் நாள் அமாவாசை.

அன்று பொம்மி மடியில் தேன்மெழுகு எடுத்து வந்தாள். துடைத்து வைத்த கிண்ணத்தின் பக்கமாக விழுந்து கும்பிட்டாள். காவலன் முகம் திரும்பிய நேரம் பார்த்துத் துளையில் மெழுகை அப்பிவிட்டாள். அவன் ஒன்றும் அறியாமல் கிண்ணத்தை நீரில் விட்டான்.

பொம்மி சொல்லத் தொடங்கினாள். கிண்ணம் மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது. ராஜா நெளிந்தான், காவலனைப் பார்த்தான். இன்னும் மூழ்கவில்லை என்றான் காவலன். எழுந்து போவதா, இருப்பதா என்று ராஜாவுக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டான்.

புருஷனும் தானும் பாறை உச்சியில் தேன் எடுத்தபோது தோப்பில் புகையைப் பார்த்ததாகச் சொன்னாள். தேனீ விரட்டும் பந்தத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அவன் தீயை அணைக்க ஓடினானாம். தோப்புக் குடிசையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டி வற்றிக் கருகியிருந்தது. தீ சருகில் பற்றியிருந்தது. ஆளைக் காணோம்.

"யாரோ மருந்து காய்ச்சியிருக்காங்க, மகாராசா. பாதியில எழுந்து போயிட்டாங்க," என்றாள்.

குடிசை, சட்டி, தூரத்தில் கேட்ட மணி, குழல் ஊத ஓடிய தன் கால்கள், எல்லாம் ஒவ்வொன்றாக ராஜாவுக்கு ஞாபகம் வந்தன. இன்றும் மணி அடித்திருந்தால் இந்த ஞாபகம் வந்திருக்காது. ஒரு உயிர் போயிருக்கும்.

"அந்த அடுப்பை மூட்டினவன் நான்தான்," என்றான்.

தானே சிறைக்கு நடந்து போய்ச் சடையனின் விலங்கை அவிழ்த்தான். திரும்பி வந்து கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தான். மெழுகைக் கண்டதும் காவலனுக்கு உயிரே போய்விட்டது.

"நான்தான் அடைச்சேன், மகாராசா. இன்னிக்காவது நீங்க முழுசாக் கேக்கணும்னு," என்றாள் பொம்மி.

ராஜா மெழுகை எடுக்கவில்லை. அதன்பிறகும் யவன மொழி படித்தான், குழல் ஊதினான், மருந்தும் காய்ச்சினான். ஆனால் அந்தச் சபையில் அவன் காலம் முடியும்வரை வட்டில் மெழுகோடுதான் மிதந்தது.

ஆசை எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் மூட்டிய அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு எழுந்திருக்க வேண்டும்.