உறை பிரிக்காத எலும்புத்தூள்

பெருந்துறையில் மெட்டல் இசை ரசிகர் மன்றம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் நாச்சிமுத்து, செல்லப்பன், நான் என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். தலைவர் அடியேன்தான்.

‘எலும்புத்தூள்’ என்ற மெட்டல் குழு தன் புது ஆல்பத்தை இசைத்தட்டாகவே வெளியிட்டது. மொத்தமே நூறு தட்டு. ஒன்றை எங்களுக்கு அனுப்பிவிட்டுப் பாடகர் வீரக்குமார் போனில் சொன்னார்: “கேட்டு வைங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன். நல்லா கேட்டிருந்தீங்கன்னா முதல் கச்சேரி உங்க ஊர்லதான்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தட்டும் வந்தது. சதுர அட்டை, அதைச் சுற்றி பாலிதீன் உறை, உறைமேல் ஒரு குறிப்பு: ‘சேகரிப்பாளர் கவனத்துக்கு: உறையைப் பிரித்தால் மதிப்பு போய்விடும். விரல் படக்கூடாது.’

“கேக்கச் சொல்றாரு. பிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. என்னடா பண்றது?” என்றேன்.

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தான். “உங்கூட்டு டிவி ரிமோட்டு பாலிதீன் கவருக்குள்ளதான இருக்குது?”

“ஆமா.”

“அமுக்குனா சேனல் மாறுதா?”

“மாறுது.”

“அப்பறமென்ன?”

இவன் இல்லையென்றால் மன்றம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பிளேயரை இரவல் வாங்கி, சதுர அட்டையை உறையோடு அப்படியே வைத்தோம். பிளேயரின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முட்டியதால் அட்டை ஆடியது. விரல் படக்கூடாதே! நாச்சிமுத்து குனிந்து தாடையால் அழுத்திக்கொண்டான். நான் முள்ளை வைத்தேன்.

கர்ர்ர் என்று கிடார் எழுந்தது. அட்டையின் நாலு மூலையும் முள்ளைத் தாங்கும் கையில் டொக் டொக்கென்று மோத, டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. ஒரு மூலை மட்டும் வளைந்து, சுற்றுக்கு ஒருமுறை நாச்சிமுத்துவின் தொண்டையில் குத்தியது. “ங்ஙேஏஏ!” என்று குரலும் வந்துவிட்டது.

“எவ்வளவு வலி பாரேன் அந்தக் குரல்ல!” என்று செல்லப்பன் அழுதான்.

நாற்பது நிமிடம் தலையை ஆட்டினோம். திருப்பிப் போட்டு இன்னொரு நாற்பது நிமிடம். கழுத்து மூன்று பேருக்குமே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீரக்குமார் வந்தார். “எது புடிச்சுது?”

“தொண்டையில குத்துப்பட்டாப்பல ஒருத்தர் கத்துவாருங்களே, அதுங்க!” என்றேன்.

அவர் நெகிழ்ந்துபோனார். “அது நாந்தானுங்க!”

நாச்சிமுத்து கழுத்தைத் தடவியபடி அவரைச் சந்தேகமாகப் பார்த்தான்.

கையெழுத்துப் போட அட்டையை எடுத்தவர், “இன்னும் பிரிக்கவே இல்லையே?” என்று, நாங்கள் பதறுவதற்குள் கிழித்தார். உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வட்டத் தகட்டை எடுத்து, பிளேயரில் போட்டார். ஒரு பாட்டு முழுக்க மரியாதையாகக் கேட்டோம். தலைவர் என்ற முறையில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“தப்பா நெனைக்காதீங்க. எவனோ உங்க பேருல போலியைப் பண்ணி, அட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கறான்.”

கச்சேரி ஈரோட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வருத்தம்தான். இருந்தாலும் நேர்மை முக்கியமில்லையா, அந்தக் கறுப்புத் தகட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அட்டை எங்களிடம்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் கேட்கிறோம். தகட்டை எடுத்த பிறகு பேஸ் கிடார் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைச்சல்.