ஐந்தாவது ரக்அத்

"ஷெய்கே, இந்த ஜனங்கள வெச்சுக்கிட்டு நான் என்னதான் செய்யிறது?"

செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே கேட்டுவிட்டார் நாஜி முக்பில்.

யேமனின் இடைக்கால அதிபர் அவர். இருந்த அதிபரைக் குண்டு வைத்துக் கொன்றுவிட்டார்கள். சபாநாயகரான இவரை, நாற்பது நாளைக்கு மட்டும் என்று சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இதற்கு முன்பும் இரண்டு முறை அப்படி உட்கார்ந்து எழுந்தவர்தான். யார் விழுந்தாலும் இவரைக் கூப்பிடுவார்கள். இவரால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. அதுதான் இவருடைய தகுதி.

இன்று முப்பத்தொன்பதாம் நாள்.

மலையூர்ப் பள்ளிவாசலின் முற்றத்தில் ஷெய்கு பாரஜா காப்பிக்கொட்டைத் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தார். அதிபரைவிடப் பத்து வயது இளையவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரு என்ன செஞ்சா?"

"என்ன செய்யல? பீரங்கிய ஊருக்கு வெளிய கொண்டு போங்கன்னு தளபதிகிட்ட சொன்னா, 'அடுத்த அதிபர் வரட்டும்'ங்கிறான். கோத்திரத் தலைவருங்க ரோட்டை மறிச்சு உக்காந்திருக்காங்க. எழுந்திருங்கன்னா சிரிக்கிறாங்க. என் ஆபீஸ் பியூன் இருக்கானே, செத்துப்போனவர் படத்தக் கழட்டிட்டு என் படத்த மாட்டுன்னா, 'எதுக்குங்க ரெண்டு தடவ ஆணி அடிக்கணும்'னு கேக்குறான்!"

அவர் போட்ட உத்தரவெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

"உங்க ஊர்த் தண்ணித் தொட்டி கட்டி முடிஞ்சுதா?" என்றார் ஷெய்கு.

நாஜிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் நாட்டப் பத்திப் பேசுறேன். நீங்க தொட்டியக் கேக்குறீங்க."

அந்தத் தொட்டிக்கு அவர் முதல் கல் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர் ஊர்ப் பெண்கள் இன்னும் மலை இறங்கித்தான் தண்ணீர் சுமக்கிறார்கள்.

அங்கிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இன்னும் இரண்டு வருஷத்துக்கு நாஜி முக்பிலே அதிபர் என்று ஓர் ஆணை. வாசலில் ஜீப்புடன் நிற்கும் கர்னல் ஹிஸாம் தட்டச்சு செய்து கொண்டுவந்தது. கையெழுத்துத்தான் போடவில்லை.

"நாளைக்கு நான் இறங்கினா அந்தத் தளபதிதான் ஏறுவான். கையெழுத்துப் போடவா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க."

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

"அஸர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று ஷெய்கு முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதுதான் இவரிடம் கஷ்டம். கேட்டதற்குப் பதில் சொன்னால் வாய் வெந்துவிடுமோ என்னவோ.

நாஜி வாசலில் நின்று கர்னலிடம் புலம்பித் தீர்த்துவிட்டு வருவதற்குள் முதல் ரக்அத் போய்விட்டது. நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் ஒரு ரக்அத். அஸருக்கு நான்கு. பிந்தி வந்தவர் பின்னால் நிற்க வேண்டியதுதான். ஆனால் வந்தவர் அதிபர் ஆயிற்றே. முதல் வரிசையில், ஷெய்குக்கு நேர் பின்னால், ஒதுங்கி இடம் விட்டார்கள். கர்னலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மூன்றாவது ரக்அத்தில் ஷெய்கு சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

தொழுகைக்காக முகம் கைகால் கழுவிய சுத்தம் நடுவில் முறிந்துவிட்டால், முன்னால் நின்று தொழவைப்பவர் அப்படித்தான் விலக வேண்டும். விலகியவர் நாஜியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுக் குழாயடிப் பக்கம் நடந்தார்.

நாஜி தொழவைத்தார். நான்காவது முடிந்தது. கடைசியாக உட்கார வேண்டிய இடத்தில் ஊரே உட்கார்ந்தது.

நாஜி எழுந்து நின்றார். அவர் கணக்கில் மூன்றுதான் ஆகியிருந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ஒருவர். தொழுகையில் பேசக்கூடாது. முன்னால் நிற்பவர் தவறினால் இதை மட்டும் சொல்லலாம்.

நாஜி அசையவில்லை. கர்னல் எழுந்தார். கர்னலைப் பார்த்துக் காவலர்கள் எழுந்தார்கள். காவலர்களைப் பார்த்துப் பயந்த இரண்டு பேர் பாதி எழுந்து, முழங்காலில் நின்றார்கள்.

"சுப்ஹானல்லாஹ்!" பின்வரிசைக் கொல்லர் தொண்டை கிழியக் கத்தினார்.

நாஜி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதே வேகத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி ஸலாம் சொல்லித் தொழுகையை முடித்தார்.

தாடியில் தண்ணீர் சொட்ட ஷெய்கு வாசலில் நின்றிருந்தார்.

"பாத்தீங்களா? இங்கயும் அதே கததான்!" என்று நாஜி வெடித்தார். "நான் வந்ததே ரெண்டாவதுல. எனக்கு மூணுதான் ஆச்சு. இன்னும் ஒண்ணு இருக்குன்னு எழுந்தா, உக்காரு உக்காருன்னு உயிர வாங்குறாங்க!"

"இந்தத் தொழுகைய ஆரம்பிச்சது யாரு?"

"நீங்க."

"அப்ப யாரு கணக்குல முடியணும்?"



"அப்ப என்னோட நாலாவது?"

"அவங்களுக்காக உக்காந்திருக்கணும். போங்கன்னு கையக் காட்டியிருந்தா அவங்களே ஸலாம் குடுத்துட்டுக் கிளம்பியிருப்பாங்க. அதுக்கப்புறம் எழுந்து தனியா உங்களோடதத் தொழுதிருக்கலாம். யாரு வேணாம்னா?"

"சரி. இப்ப அந்த ஒண்ணத் தொழுதுடுறேன்."

"ஒண்ணா?" இப்போது ஷெய்குக்கே கோபம் வந்துவிட்டது. "பாக்கி இருக்குன்னு தெரிஞ்சே முடிச்சீங்க. இவ்வளவு நேரம் கத்தினீங்க. உங்களுக்கு நாலும் போச்சு."

"ஊர்க்காரங்களுக்கு?"

"உக்காந்தே இருந்தவங்களுக்கு முடிஞ்சுது. அங்க பாருங்க, வீட்டுக்குப் போறாங்க."

நாஜி பார்த்தார். கொல்லர் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஷெய்கு மறுபடியும் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தை எடுத்துக்கொண்டார்.  

கர்னல் பேனாவோடு ஓடி வந்தார். "தலைவரே, இப்பக் கையெழுத்துப் போட்டீங்கன்னா ஆறு மணிச் செய்தியில வாசிச்சுடலாம்."

நாஜி காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்து, அப்படியே கர்னலின் சட்டைப் பையில் செருகினார்.

"தலைவரே, நாளைக்கு நாப்பதாம் நாளு!"

"தெரியும். நாளைக்கு வந்து ஸலாம் குடுத்துடுறேன்."

நாலையும் மறுபடி தொழக் குழாயடியை நோக்கி நடந்தவர் பாதியில் திரும்பினார்.

"கர்னல், நாளைக்கு நான் ஆபீஸ விட்டு வெளிய வரும்போது ஜீப்ப எங்க ஊர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க. பின்னால சிமெண்ட் மூட்டை ஏத்தியிருக்கணும்."