ராஜாவின் உடம்பைத் திருடிய மூவர்

உட்காருங்கள், சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். இது உங்கள் கதை.

கடிகாரம் என்ற ஒன்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், செம்மேட்டுச் சீமையை வீரகம்பீர ராயர் என்று ஒரு ராஜா ஆண்டார். ஐம்பது வயதில் வீரம் அவரை விட்டுப் போனது. ஐம்பத்தைந்தில் கம்பீரமும் போனது. தொப்பை மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்தது.

சிம்மாசனத்துக்கு மூன்று படிகள். அதில் ராஜாவை ஏற்ற இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள், ஒருவர் முன்னாலிருந்து இழுப்பார். ஏறி உட்கார்ந்தபின் அரை நாழிகை மூச்சு வாங்கும். அந்த அரை நாழிகையை நிரப்பவே ஒரு புலவர் இருந்தார். ராஜாவின் நடையை யானை நடை என்று பாடுவார். ராஜா நடந்து அவர் பார்த்ததில்லை.

ராஜாவுக்கு நூறு வயதுவரை இளமையாக இருக்க ஆசை. ஒரு வைத்தியர் தங்க பஸ்பம் கொடுத்தார், ராஜா தின்றார். இன்னொருவர் முத்தைப் பொடித்துப் பாலில் கலக்கினார், ராஜா குடித்தார். மூன்றாமவர் கரடிக் கொழுப்பைப் பூசிவிட்டார், ராஜா நாறினார். இளமை மட்டும் வரவில்லை.

கடைசியாக, மலையடிவாரத்தில் வைத்தியம் பார்த்துவந்த உலகாத்தாள் என்ற பெண்ணை மந்திரி திருவம்பலம் அழைத்துவந்தார். அவள் நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய குழி அப்படியே நின்றது.

“கால் வீக்கத்துக்கு மூக்கிரட்டை வேரைப் பொடி செய்து தேனில் குழைத்துத் தருகிறேன். அது பாதி வேலைதான் செய்யும், மகாராஜா. மீதி உங்களிடம் இருக்கிறது. விடிந்ததும் ஏரிக்கரைவரை நடக்க வேண்டும். சாப்பாட்டில் அரை வயிற்றோடு எழுந்துவிட வேண்டும். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் படுத்துவிட வேண்டும்” என்றாள்.

ஒரு வருஷத்தில் குணமாகாவிட்டால் அவள் தலை தங்காது என்று சொல்லி அனுப்பினார் ராஜா.

அவள் போனதும், தினமும் நடக்க வேண்டுமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மந்திரிதான் தேற்றினார். “போர்க்களத்தில் சண்டை போடுவது சேனாபதி, வெற்றி மகாராஜாவுக்கு. வயலில் உழுவது குடியானவன், விளைச்சல் மகாராஜாவுக்கு. நடப்பதற்கும் ஓர் ஆளைப் போட்டால் பலன் வேறெங்கே போய்விடும்?”

சபை முழுக்கத் தலையாட்டியது.

அப்படியே மூன்று பேரை நியமித்தார்கள். நாளெல்லாம் முக்காலியிலேயே கிடந்து பெருத்துப்போன களஞ்சியக் காவலர் மாடப்பன், ராஜாவுக்காக நடக்க வேண்டும். ருசி பார்த்துப் பார்த்தே ஊதிப்போன சமையல்காரர் சாத்தையா, ராஜாவுக்காக அரை வயிறு சாப்பிட வேண்டும். இரவெல்லாம் விழித்துப் பாட்டுக் கட்டிக் கண் குழிவிழுந்த புலவர், ராஜாவுக்காக நேரத்தோடு தூங்க வேண்டும்.

தினமும் விடியற்காலையில் மாடப்பன் தலைக்குமேல் வெண்கொற்றக்குடை பிடித்து, ‘ராஜா நடக்கிறார்’ என்று முரசடித்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் விழுந்து கும்பிட்டார்கள். சாத்தையா பாதியில் எழுந்துவிடுவார். மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று ராஜா சாப்பிட்டார். புலவர் தூங்கப் போனபின் ராஜா நாட்டியம் பார்த்தார். மருந்தை மட்டும் ராஜாவே சாப்பிட்டார். அதில் தேன் இருந்தது.

வருஷம் முடிந்தது. இப்போது ராஜாவைப் பின்னாலிருந்து நான்கு பேர் தள்ள வேண்டியிருந்தது. உலகாத்தாளைப் பிடித்துவந்தார்கள்.

அவள் பதறவில்லை. நடந்தது யார், அரை வயிறு சாப்பிட்டது யார், தூங்கியது யார் என்று கேட்டாள். மந்திரி பெருமையோடு அந்த மூவரையும் வரவழைத்தார். மாடப்பன் இடுப்பு சிறுத்து, தோள் நிமிர்ந்து வந்தார். சாத்தையா மூச்சிரைக்காமல் குனிந்து கும்பிட்டார். புலவரின் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

ராஜா மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் சிவந்தது.

“அது என் உடம்பு” என்றார். “மூன்று பேரும் திருடிவிட்டார்கள்.”

ராஜத்துரோகம் என்றார் மந்திரி. நாலு தலையையும் வாங்கிவிடலாம் என்றார். சாத்தையா அழ ஆரம்பித்தார்.

உண்மையைச் சொன்னால் நாலு தலையும் போகும் என்று உலகாத்தாளுக்குப் புரிந்தது. கைகட்டி முன்னால் வந்தாள்.

“திருட்டுதான், மகாராஜா. ஆனால் இவர்களை வெட்டினால் பொருளும் இவர்களோடு மண்ணுக்குள் போய்விடும். மாடப்பன் அதை அடியடியாக ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். உடையவர் கால் பட்டால்தான் திரும்பி வரும். மந்திரி கால் பட்டால் மந்திரிக்குப் போய்விடும்.”

ராஜா மந்திரியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“வருகிற உடம்புக்கு வயிற்றில் பாதி இடம் விட்டுவைக்க வேண்டும். தூங்குகிறவரைத்தான் தேடி வரும், விழித்திருந்தால் வாசலோடு திரும்பிவிடும்” என்று முடித்தாள்.

மறுநாளே ராஜா நடந்தார். முதல் நாள் கோட்டை வாசல்வரை, திரும்பியது பல்லக்கில். முதல் மாதத்தில் கடைத்தெருவரை. மூன்றாம் மாதத்தில் ஏரிக்கரை. தன் சொத்தை வேறு யாராவது மிதித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. சோற்றைப் பாதியில் தள்ளினார், நாட்டியக்காரர்களை மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பினார். இத்தனைக்கும் பிறகு மூக்கிரட்டை வேருக்கும் வேலை செய்ய வழி கிடைத்தது. கால் வீக்கம் வடிந்தது.

அடுத்த வருஷம் மூன்று படிகளையும் அவரே ஏறினார். பொருள் திரும்பி வந்துவிட்டதால் திருடர்களைப் பெரிய மனதோடு மன்னித்தார். ‘கள்வரிடமிருந்து தன் உடம்பை மீட்ட ராயர்’ என்று கோட்டை வாசலில் கல்வெட்டும் வைத்தார். உலகாத்தாள் அதைப் படித்துவிட்டு மருந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மந்திரி அவள் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து தனியே கூப்பிட்டார். தனக்கும் முழங்கால் வலி இருக்கிறதென்றும், உட்கார்ந்தபடியே செய்கிற வைத்தியம் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். அவள் மருந்துப் பொடியை மூட்டையிலேயே வைத்துக்கொண்டு, தேனை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: மருந்தை அடுத்தவர் அரைத்துத் தரலாம், ஆரோக்கியத்துக்கு அவரவர்தான் பாடுபட வேண்டும்.